துப்பாக்கியோடு விமானம் ஏறுவது: அமெரிக்க விதிகள் எளிமையாக

விமான நிலையக் கவுண்டரில் என் நண்பர் தன் பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் தட்டில் வைத்தார். “இதில் தோட்டா போடாத துப்பாக்கி ஒன்று இருக்கிறது, டிக்ளேர் செய்ய வேண்டும்” என்றார். கவுண்டரில் இருந்த பெண்ணின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் தங்கள் பாட்டுக்குக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்கா வந்த புதிதில் இதைப் பக்கத்தில் நின்று பார்த்தபோது நான் அசந்துபோனேன். நகவெட்டியைக்கூட யோசித்து யோசித்துப் பையில் போடுகிறவன் நான். இங்கே ஒருவர் கைத்துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்கிறார், விமான நிறுவனமும் வாங்கிக்கொள்கிறது. அந்த நண்பர் டெக்ஸாஸில் பல வருடமாக இருப்பவர், கிரீன் கார்டுக்காரர், துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போகிறவர். அவரிடம் கேட்டும், விதிகளைத் தேடிப் படித்தும் நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். துப்பாக்கி வைத்திருப்பது சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. விதி தெரியாததால் மாட்டிக்கொண்டவர்களின் கதைகளைப் படித்த பிறகு, இதைத் தெளிவாக யாராவது தமிழில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் அடிப்படை. துப்பாக்கி விமானத்தில் போகலாம். ஆனால் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிய பிறகும் விமானத்துக்குள்ளும் பயணியின் கைக்கு எட்டும் இடத்தில் அது இருக்கக் கூடாது. மற்ற எல்லா விதிகளும் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான். 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் விமானக் கடத்தல் அடிக்கடி நடந்தது. அதனால் 1973 ஜனவரியிலிருந்து பயணிகள் எல்லாரையும், அவர்கள் கையோடு கொண்டுபோகும் பைகளையும் சோதிப்பது கட்டாயமானது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அதே வருடம் நவம்பரில், சோதனைப் பொறுப்புக்கென்றே போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற அரசு அமைப்பு உருவானது. எல்லாரும் டி.எஸ்.ஏ. என்று சொல்வது அதைத்தான். கேபினுக்குள் துப்பாக்கி வரக் கூடாது, சரக்கு அறையில் பூட்டிய பெட்டிக்குள் வரலாம் என்ற ஏற்பாட்டை இன்று நடத்துவது அவர்கள்தான்.

சரி, பெட்டிக்குள் எப்படி வைப்பது?

துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. இதில் ‘லோட் ஆன துப்பாக்கி’ என்பதற்கு டி.எஸ்.ஏ. வைத்திருக்கும் அர்த்தத்தைக் கவனிக்க வேண்டும். குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறையில் ஒன்று இருந்தாலும் லோட் ஆனதுதான். அந்த அறை காலியாக இருந்து, துப்பாக்கிக்குள் செருகிய மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் கூட்டில்) ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் லோட் ஆனதுதான். ரிவால்வர் என்றால் சுழலும் உருளையின் எல்லாக் குழியும் காலியாக இருக்க வேண்டும்.

நண்பர் முந்தைய நாள் இரவு பேக் செய்ததை உட்கார்ந்து பார்த்தேன். முதலில் மேகசினைக் கழற்றித் தனியாக வைத்தார். பிஸ்டலின் மேல் சறுக்குப் பகுதியைப் பின்னால் இழுத்துத் திறந்த நிலையில் நிறுத்தினார். விளக்கு வெளிச்சத்தில் அந்த அறையைக் கண்ணால் பார்த்தார், அப்புறம் சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவியும் பார்த்தார். “கண்ணை மட்டும் நம்பக் கூடாது” என்றார். அதன் பிறகுதான் பஞ்சு மெத்தை வைத்த பெட்டிக்குள் வைத்தார்.

அந்தப் பெட்டி கெட்டியானதாக இருக்க வேண்டும், பூட்டியிருக்க வேண்டும். துணிப்பை, தோல் உறை எதுவும் செல்லாது. பூட்டிய பிறகு மூடியை இழுத்துத் திறக்க முடிந்தால் அதுவும் செல்லாது. பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். துப்பாக்கி வாங்கும்போது கூடவே ஒரு பிளாஸ்டிக் பெட்டி தருவார்கள். அதிலேயே வைத்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தப் பெட்டியில் பெரும்பாலும் நடுவில் ஒரு பூட்டுக்குத்தான் துளை இருக்கும். நடுவில் பூட்டிவிட்டு ஓரத்து மூலையை நெம்பினால் மூடி வளைந்து விரல் உள்ளே போகும் அளவுக்கு இடைவெளி விழுந்துவிடும். துப்பாக்கி வாங்கும்போது வரும் பெட்டி போதுமான பாதுகாப்பைத் தராமல் போகலாம் என்று டி.எஸ்.ஏ.வே எச்சரிக்கிறது. நண்பர் தன் பெட்டியின் இரண்டு துளையிலும் பூட்டுப் போட்டுவிட்டு, நான்கு மூலையையும் கட்டைவிரலால் நெம்பிப் பார்த்தார். ஒரு மயிரிழைகூட விலகவில்லை.

பெரிய ரைபிள் என்றால் அதன் நீளப் பெட்டியே தனி லக்கேஜாகப் போகும். கைத்துப்பாக்கி என்றால் சின்னப் பெட்டியில் பூட்டி, அதைத் துணிமணி இருக்கும் சூட்கேஸுக்குள் வைத்துவிடலாம்.

அடுத்தது சாவி. பூட்டின் சாவியோ எண்ணோ பயணி ஒருவரிடம் மட்டும்தான் இருக்க வேண்டும் என்கிறது விதி. விமான நிறுவனத்திடமும் கொடுக்க வேண்டியதில்லை. சாதாரண லக்கேஜுக்கு டி.எஸ்.ஏ. பூட்டு என்று கடைகளில் விற்பார்கள். அதற்கு ஒரு மாஸ்டர் சாவி உண்டு, சோதனை அதிகாரிகள் நாம் இல்லாமலே திறந்து பார்த்துவிட்டு மூடிவிடலாம். துப்பாக்கிப் பெட்டிக்கும் அந்தப் பூட்டைப் போடலாம் என்று டி.எஸ்.ஏ. அனுமதிக்கிறது. ஆனாலும் அனுபவமுள்ளவர்கள் சாதாரணக் கனமான பூட்டையே போடுகிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. அந்த மாஸ்டர் சாவிகளின் படங்கள் இணையத்தில் பரவி, 2015ல் அவற்றை வைத்து 3டி பிரின்டரில் நகல் சாவியே செய்துவிட்டார்கள். சாவி உங்களிடம் மட்டும் இருக்க வேண்டும் என்பது விதியின் உயிர். யார் யாரிடமோ நகல் இருக்கக்கூடிய ஒரு பூட்டைத் துப்பாக்கிக்குப் போடுவானேன்?

இந்தச் சாவி விதியை நன்றாகப் பிடித்துக்கொண்டவர்கள் புகைப்படக்காரர்கள். ஓட்டப்பந்தயத்தில் சத்தம் எழுப்பப் பயன்படும் ஸ்டார்ட்டர் பிஸ்டலையும் டி.எஸ்.ஏ. துப்பாக்கிக் கணக்கில்தான் சேர்க்கிறது. பல ஆயிரம் டாலர் மதிப்புள்ள கேமரா, லென்ஸ் வைத்திருக்கும் சிலர் அந்தப் பெட்டிக்குள் ஒரு ஸ்டார்ட்டர் பிஸ்டலையும் வைத்து, கவுண்டரில் முறையாகச் சொல்லிவிடுவார்கள். உடனே மொத்தப் பெட்டியும் துப்பாக்கிப் பெட்டி ஆகிவிடும், நல்ல பூட்டாகப் போட்டுக்கொள்ளலாம், யாரும் பெட்டியைச் சுலபத்தில் காணாமல் போக விடமாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு.

தோட்டாவும் செக்-இன் லக்கேஜில்தான் போக வேண்டும், கேபின் பையில் ஒன்றுகூடக் கூடாது. அட்டை, மரம், பிளாஸ்டிக், உலோகம் என்று தோட்டாவுக்கென்றே செய்த பெட்டியில் அடுக்கியிருக்க வேண்டும். ஜிப்லாக் பையில் கொட்டிக் கட்டுவது ஆகாது. துப்பாக்கி இருக்கும் அதே பூட்டிய பெட்டிக்குள் தோட்டாப் பெட்டியையும் வைக்க டி.எஸ்.ஏ. அனுமதிக்கிறது. அளவை விமான நிறுவனங்கள் தீர்மானிக்கின்றன. பெரும்பாலும் ஒருவருக்கு 5 கிலோ, அதாவது 11 பவுண்டு. 9 மில்லிமீட்டர் பிஸ்டல் தோட்டா ஒன்று சுமார் 12 கிராம் இருக்கும், அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய 400 தோட்டா. போட்டிக்குப் போகிறவருக்கே அது தாராளம். தோட்டாவை வீட்டிலேயே தயாரிக்கிறவர்கள் உபயோகிக்கும் வெடிமருந்துத் தூளும், பற்றவைக்கும் பிரைமரும் எந்தப் பெட்டியிலும் வரக் கூடாது.

துப்பாக்கியின் மேலே பொருத்தும் தொலைநோக்கியை மட்டும் கேபின் பையில் கொண்டுபோகலாம். மேகசின், சுடும் ஊசி போன்ற பாகங்கள் எல்லாம் செக்-இன் லக்கேஜில்தான். நிஜத் துப்பாக்கி மாதிரி தெரியும் பொம்மைக்கும் இதே விதி. குழந்தைகளுக்கு வாங்கிப்போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கவுண்டருக்குத் திரும்பி வருவோம். ஒவ்வொரு பயணத்திலும், போகும்போதும் சரி திரும்பும்போதும் சரி, பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே துப்பாக்கி இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். ‘தோட்டா போடாத’ என்ற சொல்லையும் சேர்த்து, சாதாரணக் குரலில் சொல்வது நல்லது. கொடுக்கும் அட்டையில் கையெழுத்திட்டதும் அதைப் பெட்டிக்குள்ளே வைப்பார்கள். வெளியே ஒட்டமாட்டார்கள். இந்தப் பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது என்று வெளியில் தெரியும்படி எந்த அட்டையும் மாட்டச் சொல்லக் கூடாது என்று விமான நிறுவனங்களுக்கு நாடு தழுவிய சட்டமே இருக்கிறது. காரணம் எளிது. கவுண்டரிலிருந்து விமானம் வரை அந்தப் பெட்டி எத்தனையோ கைகள் மாறிப் போகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று விளம்பரம் செய்துகொண்டு போனால் திருடனுக்குத்தான் வசதி.

அட்டை உள்ளே போனதும் பெட்டியைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு போவார்கள். கால் மணி நேரம் பக்கத்திலேயே காத்திருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் ஏதாவது சந்தேகம் வந்தால், சாவிக்காக உங்களைத்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் காபி குடிக்கப் போய்விட்டு, அவர்களால் பெட்டியைத் திறக்க முடியாமல் போனால், பெட்டி விமானத்தில் ஏறாது. நண்பர் அன்று ஒரு தூண் ஓரமாக, சாவியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். ஒரு அதிகாரி எட்டிப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். அவ்வளவுதான்.

முறையாகச் செய்தால் இவ்வளவு சுலபம். ஆனால் செய்யாதவர்கள் ஏராளம். 2023ல் மட்டும் அமெரிக்க விமான நிலையங்களின் பாதுகாப்புச் சோதனையில், கேபின் பைகளிலிருந்து 6,737 துப்பாக்கிகள் சிக்கின. அதில் 93 சதவீதம் தோட்டா போட்ட நிலையில் இருந்தவை. அட்லாண்டா விமான நிலையத்தில் மட்டும் 451. பிடிபட்டவர்கள் பெரும்பாலும் சொல்வது, ‘பையில் இருந்ததே மறந்துவிட்டது’ என்பதுதான். மறதிக்குச் சலுகை கிடையாது. 2023ல் அபராதம் கிட்டத்தட்ட 15,000 டாலர் வரை போகலாம் என்று இருந்தது. சோதனை வரிசையில் சீக்கிரம் போக உதவும் பிரீ-செக் வசதி ஐந்து வருடம் வரை பறிபோகலாம். அந்த ஊர் போலீஸ் வழக்கும் போடலாம். தோட்டா போடாத துப்பாக்கியாக இருந்தாலும், தோட்டாவும் சேர்ந்து கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் லோட் ஆனதாகவே கணக்கிட்டு அபராதம் போடுவார்கள்.

விமானத்தைவிடத் தரைதான் சிக்கல்

விதிகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று புரிந்தது. பெட்டி சரக்கு அறையில் இருக்கும் வரை யாருக்கும் பயமில்லை. அது மறுபடி நம் கைக்கு வரும் இடத்தில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது.

2017 ஜனவரி 6 அன்று ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையத்தில் நடந்தது இதன் மிகக் கொடூரமான உதாரணம். அலாஸ்காவிலிருந்து வந்த ஒருவன் விதிப்படியே 9 மில்லிமீட்டர் பிஸ்டலை டிக்ளேர் செய்து அனுப்பியிருந்தான். இறங்கியதும் பெட்டியை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய், தோட்டா போட்டுக்கொண்டு வந்து, லக்கேஜுக்காக நின்ற மக்களைச் சுட்டான். ஐந்து பேர் இறந்தார்கள். விமானப் பயணத்தைக் காப்பாற்ற எழுதிய விதி எதையும் அவன் அதுவரை மீறவில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சில விமான நிறுவனங்கள் துப்பாக்கிப் பெட்டியைப் பொது பெல்ட்டில் விடுவதில்லை. லக்கேஜ் அலுவலகத்தில் வைத்து, அடையாள அட்டை பார்த்துத்தான் கொடுக்கின்றன. சட்டென்று திறக்க முடியாதபடி பெட்டியைச் சுற்றி பிளாஸ்டிக் பட்டியும் கட்டிவிடுகிறார்கள்.

இன்னொரு சம்பவம், ஒரு அப்பாவிக்கு நடந்தது. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். யூட்டா மாநிலத்துக்காரர் ஒருவர் 2005 மார்ச் கடைசியில் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்குப் புறப்பட்டார். வழியில் நியூஜெர்ஸியின் நூவர்க்கில் விமானம் மாற வேண்டும். துப்பாக்கியை முறையாகப் பூட்டி, டிக்ளேர் செய்திருந்தார். விமானம் தாமதம். இணைப்பு விமானம் போய்விட்டது. அதற்குப் பதிலாகப் பேருந்தில் அனுப்பப் பார்த்தார்கள். அவருடைய பெட்டி பேருந்தில் ஏறவில்லை. அதைத் தேடி எடுப்பதற்குள் பேருந்தும் போய்விட்டது. பெட்டியோடு பக்கத்து ஹோட்டலில் இரவு தங்கிவிட்டு, மறுநாள் காலை நூவர்க் விமான நிலையக் கவுண்டரில் வழக்கம்போல, “துப்பாக்கி இருக்கிறது” என்று சொன்னார். போலீஸ் வந்து கைது செய்தது. நியூஜெர்ஸியில் கைத்துப்பாக்கி வைத்திருக்க அவரிடம் அனுமதி இல்லை என்பது குற்றம். சில நாள் சிறையில் இருந்தார். அப்புறம் வழக்கு கைவிடப்பட்டது.

அமெரிக்காவில் துப்பாக்கிச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்ஸாஸில் சாதாரணமாக இருப்பது நியூயார்க்கில் சிறைக்கு அனுப்பும். இதற்காகவே 1986ல் நாடு தழுவிய ஒரு சட்டம் வந்தது. துப்பாக்கி சட்டப்படி செல்லும் ஓர் இடத்திலிருந்து அதேபோன்ற இன்னோர் இடத்துக்கு, தோட்டா இல்லாமல், கைக்கு எட்டாமல் கொண்டுபோனால், வழியில் இருக்கும் மாநிலம் தொந்தரவு செய்யக் கூடாது என்கிறது அது. யூட்டாக்காரர் அந்தச் சட்டத்தைக் காட்டித்தான் பிறகு வழக்குப் போட்டார். 2010ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஹோட்டலில் ஓர் இரவு பெட்டி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, அதனால் சட்டத்தின் பாதுகாப்பு அறுந்துவிட்டது என்பது காரணம். தன் தவறு ஏதும் இல்லாமல் அவர் அந்த நிலைக்குத் தள்ளப்பட்டார் என்று நீதிமன்றமே ஒத்துக்கொண்டது. பெட்டியை எடுப்பதற்கு முன்பே விமான நிலைய ஊழியரிடமோ போலீஸிடமோ நிலைமையைச் சொல்லி, ராத்திரி அவர்களே வைத்திருக்கும்படி கேட்டிருக்கலாம் என்றது.

படிக்கவே மனசு கனத்துப்போனது. எல்லாம் ஒழுங்காகச் செய்தவர், ஒழுங்காகச் செய்த காரணத்தாலேயே மாட்டிக்கொண்டார். ஆனால் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தெளிவு. இணைப்பு விமானம் தவறிப்போய், நியூயார்க், நியூஜெர்ஸி மாதிரி கடுமையான மாநிலத்தில் இறங்க நேர்ந்தால், அந்தப் பெட்டியைக் கையில் வாங்காதீர்கள். விமான நிறுவனமே அதைக் கடைசி ஊருக்கு அனுப்பட்டும். முடிந்த வரை நடுவில் இறங்காத நேர் விமானத்தில் டிக்கெட் போடுங்கள். நண்பர் இதற்காகவே நூறு டாலர் அதிகம் கொடுத்து நேர் விமானம் எடுக்கிறார்.

நியூயார்க்கில் இன்னொரு கண்ணி உண்டு. துப்பாக்கியும் அதற்குப் பொருந்தும் தோட்டாவும் ஒரே நேரத்தில் ஒருவரிடம் இருந்தாலே, துப்பாக்கிக்குள் தோட்டா இல்லாவிட்டாலும், அதை லோட் ஆன துப்பாக்கி என்கிறது அந்த மாநிலச் சட்டம். டி.எஸ்.ஏ. அனுமதிக்கும் அதே பேக்கிங், கவுண்டருக்கு இந்தப் பக்கம் மாநிலச் சட்டத்தின்படி கடுமையான குற்றமாக மாறுகிறது. டி.எஸ்.ஏ. விதிகள் பார்ப்பது விமானத்தின் பாதுகாப்பை மட்டும். இறங்கும் மாநிலத்தில் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கலாமா என்பதற்கு அவை பதில் சொல்வதில்லை. அதைப் புறப்படும் முன்பே தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாடு விட்டு நாடு போவது தனிக் கதை. போகும் நாட்டின் அனுமதி மட்டும் போதாது, நடுவில் விமானம் மாறும் நாட்டின் அனுமதியும் வேண்டியிருக்கலாம். அதைப் பற்றி இங்கே விரிக்கவில்லை.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. அலுவலக நண்பர் கூப்பிட்டார் என்று ஆசைக்குச் சுடும் தளத்துக்குப் போகும் முன்பே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை.

ஊருக்கு வரும்போது இன்னும் ஜாக்கிரதை தேவை. சுடும் தளத்துக்குக் கொண்டுபோன அதே முதுகுப்பையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு சென்னைக்கு விமானம் ஏறுவார்கள். பையின் அடித் தையலில் ஒரு தோட்டா சிக்கியிருக்கும். அமெரிக்காவில் அது பிடிபட்டால் பெரும்பாலும் பறிமுதலோடோ அபராதத்தோடோ முடியலாம். இந்திய விமான நிலையத்தில் உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா கிடைத்தாலும் 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் போலீஸ் வழக்குப் பதிவு செய்யலாம். பொருள் இருப்பது தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டித் தெரியாமல் வந்த ஒற்றைத் தோட்டா வழக்குகளை நீதிமன்றங்கள் ரத்து செய்ததும் உண்டு. ஆனால் அந்த உத்தரவு கைக்கு வரும் வரை காவல் நிலையம், வக்கீல், கோர்ட் என்று அலைய வேண்டும். மூன்று வார லீவில் அம்மா அப்பாவைப் பார்க்க வந்தவருக்கு லீவு அதிலேயே போய்விடும்.

அதனால் நண்பர் சுடும் தளத்துக்கென்று ஒரு சாம்பல் நிறப் பையைத் தனியாக வைத்திருக்கிறார். அது வீட்டில் வேறு எதற்கும் வெளியே வராது. அப்படியும் ஊருக்குக் கிளம்பும் முந்தைய நாள், கொண்டுபோகும் பைகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து, எல்லா ஜிப்பையும் இழுத்துவிட்டு, கட்டிலில் விரித்த வெள்ளைப் போர்வையின் மேல் தலைகீழாகக் கவிழ்த்து உதறுகிறார். போன தடவை நான் பார்த்தபோது விழுந்தது இரண்டு பேனா மூடி, ஒரு ஹால்ஸ் மிட்டாய், பழைய போர்டிங் பாஸ் ஒன்று. விரலால் தையல் ஓரங்களைத் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் பிள்ளைகளுக்கு வாங்கின சட்டைகளை அடுக்க ஆரம்பித்தார்.